சீமெந்துத் தரை, தும்பு மெத்தை, 38 பிள்ளைகள்: ஜிம்னாஸ்டிக்கை எப்படித் தொடங்குவது?

வினா: உடற்கல்வி ஆசிரியர், வலிகாமம்

அனைவருக்கும் வணக்கம். வலிகாமத்திலுள்ள கலவன் பாடசாலையொன்றில் சுகாதாரமும் உடற்கல்வியும் பாடத்தைக் கற்பிக்கின்றேன். கல்வியியற் கல்லூரியில் பயிற்சி முடித்து வந்து அதிக காலமாகவில்லை. மெய்வல்லுநர் நிகழ்ச்சிகளும் கரப்பந்தும் எனக்குப் பழக்கமானவை. ஜிம்னாஸ்டிக்கைப் பொறுத்தவரை, பயிற்சிக் காலத்தில் செய்து காட்டிய முன்னுருளல், பின்னுருளல், பக்கக்கரணம் (கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் சில்லுப்போலச் சுழலுதல்) ஆகியவற்றுடன் என் அறிவு நின்றுவிடுகின்றது. இத்தவணையில் தரம் 7 பிள்ளைகளுக்கு அதன் அடிப்படைகளைத் தொடங்க எண்ணியுள்ளேன்.

எங்களிடமுள்ள வசதிகளைச் சொல்லிவிடுகின்றேன். ஒன்றுகூடல் மண்டபத்தின் தரை சீமெந்து. விடுதி இயங்கிய காலத்துத் தும்பு மெத்தைகள் ஐந்து எஞ்சியிருக்கின்றன; அவற்றுள் இரண்டு நடுவில் குழிந்துவிட்டன. நன்கொடையாகக் கிடைத்த தடித்த ஸ்பொஞ்ச் மெத்தை ஒன்றும், களஞ்சிய அறையில் தூசி படிந்து கிடக்கும் தாண்டிப் பாய்வதற்கான பழைய பாய்ச்சற் பெட்டி ஒன்றும் உள்ளன. வகுப்பில் 38 பிள்ளைகள். பாடவேளை 40 நிமிடம். மண்டபத்துக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றி, மெத்தை விரித்து முடிவதற்குள் அதில் கால்வாசி போய்விடுகின்றது.

ஒரு பிள்ளைக்குக் கழுத்தில் அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று அதிபர் கேட்கின்றார். அவரது கேள்வி நியாயமானது. ஆனால் அவரே, இல்ல மெய்வல்லுநர் போட்டியின் உடற்பயிற்சிக் கண்காட்சியில் பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவராக ஏறி அமைக்கும் ‘பிரமிட்’ கட்டாயம் இடம்பெற வேண்டும் என்றும் சொல்லியிருக்கின்றார்.

நான் அறிய விரும்புவது இவைதான். எதிலிருந்து தொடங்குவது? ஒவ்வொரு பிள்ளையும் உருளும்போது அருகில் நின்று கைகொடுக்க என் ஒருவனால் முடியாது. அப்படியாயின் பாதுகாப்பை எவ்வாறு உறுதிசெய்வது? பாடசாலை மட்டத்தில் தொடவே கூடாத வித்தைகள் எவை? அனுபவமுள்ளவர்கள் விரிவாக எழுதினால் பேருதவியாக இருக்கும்.


மறுமொழி: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், வடமராட்சி

தம்பி, உங்கள் வினாவுக்குள்ளேயே விடையின் பாதி இருக்கின்றது. முப்பத்தெட்டுப் பேரையும் ஒருவர் தாங்க முடியாது என்பதை நீங்களே கண்டுகொண்டீர்கள். ஆகவே, ஆசிரியர் தாங்கினால்தான் செய்ய முடியும் என்ற நிலையிலுள்ள எதையும் வகுப்புப் பாடத்தில் வைக்காதீர்கள். ஒரு பிள்ளைக்குக் கைகொடுக்க வேண்டியிருக்கின்றது என்றால், அந்த வித்தைக்கு முந்திய படியை அந்தப் பிள்ளை இன்னும் முடிக்கவில்லை என்பதே பொருள். மெத்தையும் ஆசிரியரின் கையும்தான் பாதுகாப்பு என்று பலரும் எண்ணுகின்றார்கள். என் கணிப்பில் அவை இரண்டும் கடைசி அரண்கள் மாத்திரமே. உண்மையான பாதுகாப்பு, எதை முன்னர் கற்பிக்கின்றோம், எதைப் பின்னர் கற்பிக்கின்றோம் என்ற ஒழுங்கில் இருக்கின்றது.

முதற் சில பாடவேளைகளுக்கு மெத்தையே வேண்டாம். நிலத்தில் இறங்கி நிற்பதைக் கற்பியுங்கள். நின்ற இடத்தில் எம்பி, இரு பாதங்களும் ஏறத்தாழத் தோளகலத்தில் ஒரே நேரத்தில் நிலத்தைத் தொட, முழங்கால்களும் இடுப்பும் மடிந்து வேகத்தை உள்வாங்க, கைகள் முன்னே நீண்டிருக்க, மூன்று எண்ணும்வரை அசையாமல் நிற்க வேண்டும். கேட்பதற்கு இது சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். செய்வித்துப் பாருங்கள், வகுப்பில் பலருக்கு முழங்கால்கள் உட்பக்கமாகச் சாய்வதையும், சிலர் குதிக்காலில் ‘தொப்’பென்று விழுவதையும் காண்பீர்கள். முழங்கால் பாதவிரல்களின் நேரே வர வேண்டும். இறங்கும் சத்தம் கேட்கவே கூடாது. இது வந்த பின்னர் கால்வட்டம் திரும்பி இறங்குதல், அரைவட்டம் திரும்பி இறங்குதல், அதன் பின்னர் முழங்கால் உயரமுள்ள, ஆடாத ஒரு வாங்கிலிருந்து இறங்குதல் என்று போகலாம். வாங்கிலிருந்து இறங்குவதற்குப் பாய்ச்சற் போட்டிக்கான மணற்குழி மிக நல்ல இடம். ஆனால் பயன்படுத்துமுன் மண்ணை ஆழமாகக் கிளறிக் கல், கண்ணாடித் துண்டு, பனம் ஈர்க்கு ஏதும் கிடக்கின்றதா என்று பார்க்க வேண்டும். மழையில் இறுகிய மணல் சீமெந்தை விடப் பெரிதாக மென்மையானதன்று.

அடுத்து, விழுவதற்குப் பழக்க வேண்டும். பின்னால் சாயும் பிள்ளை இயல்பாகவே கையை நேராக நீட்டிப் பின்புறம் ஊன்றும். மணிக்கட்டும் முழங்கையும் முறிவது பெரும்பாலும் அப்போதுதான். குந்தியிருந்து, நாடியை நெஞ்சோடு சேர்த்து, கைகளை மார்பின் குறுக்கே மடித்து, முதுகை வளைத்துப் பின்னால் உருண்டு மீண்டும் முன்னால் வருவதைப் பழக்கமாக்குங்கள். இதையே ஒவ்வொரு பாடவேளையிலும் உடல் சூடாக்கும் பயிற்சியாக வைத்துக்கொள்ளலாம். முதுகு வளையாத பிள்ளை ‘தட்’டென்று இடுப்பில் விழும், வண்டிச் சில்லின் ஒரு பக்கம் தட்டையாக இருந்தால் நேரும் குலுக்கல்தான் அது. இந்த ஆட்டம் ஒழுங்காக வரும்வரை முன்னுருளலுக்குப் போகாதீர்கள்.

இப்போது முன்னுருளல். உச்சந்தலையை ஊன்றி உருள்வதுதான் இதில் வரும் முதன்மையான பிழை, ஆபத்தான பிழையும் அதுவே. உடலின் பாரம் முழுவதும் கழுத்தெலும்பின் மேல் நேராக இறங்கிவிடும். இது நேர்வதற்குக் காரணம், பிள்ளையின் இடுப்பு உயராமல் இருப்பதுதான். கைகளைத் தோளகலத்தில், விரல்கள் முன்னோக்கி விரிந்திருக்க ஊன்ற வேண்டும். இடுப்பு தலையை விட உயரும்வரை கால்களை நீட்டித் தள்ள வேண்டும். பாரம் கைகளுக்கு வந்த பின்னரே நாடியை உள்ளே இழுத்து, பிடரிக்குக் கீழே தோள்கள் முதலில் மெத்தையைத் தொடும்படி உருள வேண்டும். தலையின் பின்புறம் மெத்தையை உரசிச் செல்லலாம், பாரத்தைச் சுமக்கக் கூடாது. எழும்போது குதிக்கால்களைப் பிட்டத்துக்கு அருகே இழுத்து, கைகளைப் பின்னால் ஊன்றாமல் முன்னே நீட்டி எழ வேண்டும். கால்களைக் குறுக்கே போட்டு எழும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே நிறுத்திவிடுங்கள். பின்னர் திருத்துவது கடினம், முழங்காலுக்கும் அது நல்லதன்று.

நாடியை உள்ளே வைத்திருக்கச் சொல்லிச் சொல்லி உங்கள் தொண்டை வறண்டுவிடும். அதற்குப் பதிலாக ஒரு லேஞ்சியை மடித்து நாடிக்கும் நெஞ்சுக்கும் இடையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். லேஞ்சி விழாமல் உருண்டு எழுந்தால் சரி. விழுந்தால், எந்த இடத்தில் விழுந்தது என்பதைப் பார்த்த தோழனே சொல்லிவிடுவான். ஆசிரியரின் கண் ஒன்றே எல்லாவற்றையும் பார்க்க வேண்டிய தேவை அதனால் குறைகின்றது.

முதல் உருளலைச் சமதரையில் செய்விக்காமல் சரிவில் செய்வியுங்கள். குழிந்துபோன இரண்டு மெத்தைகளையும் இதற்குப் பாவிக்கலாம்: அவற்றை மடித்து ஒரு தலைப்பில் அடுக்கி, அதன்மேல் நல்ல மெத்தையைச் சரிவாகப் போட்டுவிட்டால், மேலிருந்து கீழே உருளும் பிள்ளைக்குப் புவியீர்ப்பு உதவிசெய்கின்றது, தள்ளும் வலிமையற்ற பிள்ளையும் உச்சந்தலையில் மாட்டிக்கொள்ளாமல் உருண்டுவிடும். அடுக்கு நழுவாதபடி கயிற்றால் கட்டிவிடுங்கள். மற்றைய மெத்தைகள் சீமெந்தில் வழுக்காதிருக்கச் சாக்கு விரித்து அதன்மேல் போடலாம். இரண்டு மெத்தைகளைத் தொடுத்துப் போடும்போது நடுவில் விரல் நுழையும் இடைவெளிகூட இருக்கக் கூடாது, கணுக்கால் பிசகுவது அங்கேதான். மாரி காலத்தில் தும்பு ஈரத்தை இழுத்துக் கட்டியாகிவிடும்; வெயில் கிடைக்கும் நாளில் காயவைத்து, அடித்துத் தூசி போக்கி, கையால் தடவிப் பார்த்துக் கட்டி உடைத்த பின்னரே விரியுங்கள்.

அந்தத் தடித்த ஸ்பொஞ்ச் மெத்தையைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். மென்மையாக இருப்பதால் அதுவே பாதுகாப்பானது என்று பிள்ளைகளும் பெற்றோரும் நினைப்பார்கள். உருளும்போது தலை அதில் புதைந்து நிற்க, உடல் மட்டும் முன்னே போகும். கழுத்து நடுவில் அகப்படும். பாதத்தில் இறங்குவதற்கும் அது ஏற்றதன்று, கணுக்கால் மடங்கிவிடும். உருளலுக்கு வேண்டியது, எலும்பு தரையை உணராத அளவுக்குத் தடிப்பும் கை புதையாத அளவுக்கு இறுக்கமும் உள்ள மெத்தை. நல்ல நிலையிலுள்ள தும்பு மெத்தை அதற்குப் போதும்.

வகுப்பை நடத்தும் முறையையும் சொல்லிவிடுகின்றேன். எல்லா மெத்தைகளும் ஒரே திசையில், சுவரிலிருந்தும் தூண்களிலிருந்தும் நன்கு விலகி இருக்கட்டும். இரண்டு மீற்றருக்குக் குறையாத இடைவெளி நல்லது. ஒரு மெத்தைக்கு நான்கைந்து பேர். மற்றவர்கள் வரிசையில் நின்று காத்திருக்காமல், தரையிலேயே சமநிலைப் பயிற்சியோ இறங்குதற் பயிற்சியோ செய்துகொண்டிருக்க வேண்டும். காத்திருக்கும் வரிசையில்தான் தள்ளுமுள்ளு உண்டாகின்றது. மெத்தையில் நேர்வதை விட வரிசையில் நேரும் காயங்களே கூடுதலாக இருப்பதைப் பாடசாலைகளில் கண்டிருக்கின்றேன். முன்னால் உருண்டவர் மெத்தையை விட்டு இறங்கிய பின்னரே அடுத்தவர் கையை ஊன்ற வேண்டும். நீங்கள் மண்டபத்தின் ஓரத்தில், முழு வகுப்பும் கண்ணில் படும் இடத்தில் நில்லுங்கள். ஒரு பிள்ளைக்கு விளங்கப்படுத்தும்போதும் மற்றவர்களுக்கு முதுகு காட்ட வேண்டாம்.

பாய்ச்சற் பெட்டியைக் களஞ்சிய அறையிலேயே விட்டுவிடுங்கள்.


மறுமொழி: பிரதி அதிபர், தென்மராட்சி

ஐயா எழுதியதை மதிக்கின்றேன். ஆயினும் நிருவாகத்திலிருப்பவன் என்ற முறையில் ஒரு மாற்றுக் கருத்தைப் பதிவுசெய்ய வேண்டியிருக்கின்றது. தகுதிபெற்ற பயிற்றுநரும் தரமான உபகரணமும் இல்லாத பாடசாலையில் இதைத் தொடங்கத்தான் வேண்டுமா? ஓட்டம், பந்து விளையாட்டு, யோகாசனம் ஆகியவற்றால் உடற்கல்வியின் நோக்கம் நிறைவேறாதா? எங்கள் மண்ணில் ஜிம்னாஸ்டிக்குக்கு எதிர்காலம் ஏது? ஒரு விபத்து நேர்ந்தால், அதுவரை பாராட்டிய அனைவரும் ஆசிரியரைத் தனியே விட்டுவிடுவார்கள் என்பதையும் தம்பி எண்ணிப் பார்க்க வேண்டும்.


மறுமொழி: இயன்மருத்துவர், யாழ்ப்பாணம்

பிரதி அதிபர் அவர்களின் கவலையிலிருந்தே தொடங்குகின்றேன். முழங்கை முறிவுடன் சிகிச்சைக்கு வரும் பிள்ளைகள் மதிலிலிருந்தும் மாமரத்திலிருந்தும் சைக்கிளிலிருந்தும் விழுந்தவர்கள். பெரும்பாலானோரின் கதை ஒன்றுதான்: விழும்போது கையை நீட்டி ஊன்றியிருப்பார்கள். விழும்போது உடலைச் சுருட்டிக்கொள்ள யாரும் அவர்களுக்குக் கற்பித்திருக்க மாட்டார்கள். முன்னைய மறுமொழியில் விவரிக்கப்பட்ட இறங்குதலும் விழுதலும், ஜிம்னாஸ்டிக்கில் ஒருநாளும் போட்டியிடப் போகாத பிள்ளைக்கே கூடுதலாகப் பயன்படுவன. யோகாசனத்தால் நெகிழ்வும் சமநிலையும் கிடைக்கும். ஆனால் வேகத்துடன் வரும் உடலை நிலத்தில் நிறுத்தும் திறனை அது தருவதில்லை. எதிர்காலத்தைப் பற்றிக் கேட்டதால் இதையும் சொல்கின்றேன்: மில்கா கெஹானி டி சில்வா 2021 இல் நடைபெற்ற தோக்கியோ ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, ஒலிம்பிக் ஜிம்னாஸ்டிக்கில் பங்குபற்றிய முதல் இலங்கையர் ஆனார்.

ஆசிரியருக்கு என் துறையிலிருந்து சொல்ல வேண்டியவை சில உண்டு. தொடங்குமுன் பெற்றோரிடம் எழுத்தில் கேளுங்கள்: அண்மையில் முறிவு, வலிப்பு, இழுப்பு (ஆஸ்துமா), காதிலிருந்து சீழ் வடிதல், இதயக் கோளாறு, கண் சத்திரசிகிச்சை ஏதும் உண்டா? டவுன் நோய்க்குறி உள்ள பிள்ளை வகுப்பிலிருந்தால், மருத்துவரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் உருளலிலும் தலைகீழ் நிலைகளிலும் சேர்க்கவே கூடாது. அப்பிள்ளைகளுட் சிலருக்குக் கழுத்தின் முதலிரண்டு எலும்புகளைப் பிணைக்கும் இழையங்கள் தளர்ந்திருக்கும். வெளித்தோற்றத்தில் அது தெரியாது. அதற்காகப் பிள்ளையை ஒதுக்கி ஓரத்தில் இருத்திவிடவும் வேண்டாம். சமநிலை, நடை, இறங்குதல் போன்றவற்றுள் மருத்துவர் அனுமதிப்பவற்றில் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இழுப்புள்ள பிள்ளைக்குத் தும்புத் தூசி ஆகாது. மெத்தையை வகுப்புக்கு முன்னால் அன்று, முதல்நாளே வெளியில் வைத்து அடிப்பது நல்லது.

தரம் 7 என்பது எலும்பு விரைவாக வளரும் வயது. மணிக்கட்டில் எலும்பு வளரும் தட்டு இன்னும் மூடியிருக்காது. எனவே கையில் பாரம் தாங்கும் பயிற்சிகளை ஒரே பாடவேளையில் நீட்டித்துச் செய்விக்க வேண்டாம். மணிக்கட்டு வலிக்கின்றது என்று சொல்லும் பிள்ளை சாட்டுச் சொல்வதாக எண்ணவும் வேண்டாம். உடல் சூடாக்கும்போது கழுத்தை முழுவட்டமாகச் சுழற்றும் பழக்கம் எங்கள் பாடசாலைகளில் பரவலாக உள்ளது. அதைக் கைவிட்டு, பக்கவாட்டில் திருப்புதல், நாடியை நெஞ்சுக்குக் கொண்டுவருதல் ஆகியவற்றுடன் நிறுத்திக்கொள்ளலாம்.

பின்னுருளலைப் பற்றியும் ஒரு சொல். பலரும் முன்னுருளலின் மறுபக்கம் என்று நினைத்து அடுத்த வாரமே அதைத் தொடங்கிவிடுகின்றார்கள். உண்மையில் அது வேறொரு வித்தை. உடல் தலைக்கு மேலால் செல்லும் கணத்தில் இரு கைகளும் தரையைத் தள்ளி இடுப்பை உயர்த்தாவிட்டால், பாரம் முழுவதும் மடங்கிய கழுத்தில் நிற்கும். கைவலிமை குறைந்த பிள்ளைகளும் பருமனான பிள்ளைகளும் அவ்விடத்தில் சிக்கிக்கொள்வார்கள். அவர்களுக்குத் தலையை ஒருபுறம் திருப்பி, மறுபுறத் தோளின் மேலால் உருளும் முறையைக் கற்பித்தால் கழுத்தில் பாரமே வராது. வகுப்பு முழுவதுக்கும் இதையே வைத்துக்கொண்டாலும் குறையொன்றும் இல்லை.

காயம் நேர்ந்தால் செய்ய வேண்டியதை முன்கூட்டியே தீர்மானித்திருங்கள். விழுந்த பிள்ளை கழுத்து வலிக்கின்றது என்றோ, கை கால் விறைக்கின்றது என்றோ, அசைக்க முடியவில்லை என்றோ சொன்னால், தூக்கவும் கூடாது, எழுப்பி இருத்தித் தண்ணீர் கொடுக்கவும் கூடாது. கிடந்தபடியே தலையை இரு கைகளாலும் அசையாமல் பிடித்துக்கொண்டு, 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழைக்க வேண்டும். முச்சக்கரவண்டியில் மடியில் வைத்துக் கொண்டுபோவது, உள்ள காயத்தை விடப் பெரிய காயத்தை உண்டாக்கலாம். முழங்கை வீங்கினால், கிடந்த நிலையிலேயே தாங்கிக் கட்டி உடனே வைத்தியசாலைக்கு அனுப்புங்கள். விரல்கள் குளிர்ந்து வெளிறினால் இரத்தக் குழாய் நெருக்கப்பட்டிருக்கலாம், அங்கே ஒவ்வொரு நிமிடமும் பெறுமதியானது. எண்ணெய் போட்டு உருவுவதும், இழுத்து நிமிர்த்துவதும், பட்டை வைத்து இறுக்கிக் கட்டுவதும் எங்கள் ஊரில் இன்னும் நடக்கின்றன. பிள்ளையின் முழங்கைக்கு அவற்றால் நிரந்தரக் கேடு விளைந்ததைக் காண்கின்றோம். இதைப் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவைப்பது நல்லது.


மறுமொழி: ஆசிரியை, பெண்கள் பாடசாலை, யாழ் நகர்

பெரியவர்கள் முக்கியமானவற்றை எழுதிவிட்டார்கள். பெண்பிள்ளைகளைப் பற்றி யாரும் எழுதாததால் நான் சேர்க்கின்றேன்.

சட்டை மேலேறிவிடுமோ என்று ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு உருளும் பிள்ளைக்கு ஊன்றுவதற்கு ஒரு கைதான் மிஞ்சும். உடை வெட்கத்தின் விடயம் மட்டுமன்று, விபத்தின் விடயமும்கூட. எங்கள் பாடசாலையில் நீளக் காற்சட்டையும், உள்ளே செருகிய ரீசேட்டும் இல்லாமல் மெத்தைக்கு வர அனுமதிப்பதில்லை. மிகவும் தொளதொளத்த ரீசேட்டைச் செருகாமல் விட்டால், தலைகீழாகும்போது முகத்தை மூடிவிடும். கலவன் பாடசாலையில் ஆண்பிள்ளைகளையும் பெண்பிள்ளைகளையும் வேறு வேறு மெத்தைகளில், ஒருவர் பின்னால் மற்றவர் வரிசை நில்லாதபடி ஒழுங்குசெய்தால் பாதிக் கூச்சம் போய்விடும். தொட்டுத் திருத்த வேண்டிய இடத்தில், தொடுவதற்கு முன்னர் சொல்லிவிட்டுத் தொடுங்கள். இயன்றால் ஓர் ஆசிரியையை மண்டபத்தில் இருக்கச் செய்யுங்கள்.

தலைமுடியைப் பாருங்கள். இரட்டைப் பின்னலை மடித்துக் கட்டியிருந்தால் பிரச்சினை இல்லை. பிடரியில் கொண்டையோ பெரிய கிளிப்போ இருந்தால், உருளும்போது அது நேரே மண்டையில் குத்தும். அந்த நோவுக்குப் பயந்தே பிள்ளை தலையை நிமிர்த்திவிடும், நாடி வெளியே வந்துவிடும். நான் வகுப்பு வாசலில் ஒரு பழைய பிஸ்கற் ரின்னை வைத்திருப்பேன். தோடு, காப்பு, கிளிப், மணிக்கூடு எல்லாம் அதற்குள் போய்விடும். கோயிலில் கட்டிய நூலைக் கழற்ற மறுக்கும் பிள்ளையை வற்புறுத்த வேண்டாம், அதன்மேல் ஒட்டுத்துணி சுற்றிவிட்டால் போதும்.

காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைகளையும், கந்தசஷ்டி போன்ற விரத நாட்களில் நோன்பிருக்கும் பிள்ளைகளையும் கேட்டறிந்து, அன்று அவர்களைப் பார்வையாளராக்கித் தோழியின் உருளலைக் குறித்துக்கொள்ளச் செய்யுங்கள். மாதவிடாய் நாளில் எதையும் செய்ய வேண்டும் என்றோ செய்யக் கூடாது என்றோ நான் சொல்வதில்லை. விருப்பத்தைப் பிள்ளையிடமே விட்டுவிடுகின்றேன், காரணம் கேட்பதும் இல்லை.


வினாவெழுப்பியவர்: உடற்கல்வி ஆசிரியர், வலிகாமம்

ஐயாவுக்கும் ஏனையோருக்கும் மிக்க நன்றி. இறங்குதலிலிருந்து தொடங்கி, சரிவு மெத்தை வரை இத்தவணைக்கு வைத்துக்கொள்ளத் தீர்மானித்துள்ளேன். இன்னும் மூன்று விடயங்களில் தெளிவு வேண்டும். முதலாவது, கையில் நிற்றலைப் பிள்ளைகள் இப்போதே கேட்கின்றார்கள். இரண்டாவது, ஆண்பிள்ளைகள் சிலர், குனிந்திருக்கும் நண்பர்களைத் தாண்டிப் பாய்ந்து உருளும் வித்தையைக் கைபேசியில் பார்த்துவிட்டு மைதானத்தில் செய்து பார்க்கின்றார்கள். மூன்றாவது, அதிபர் கேட்கும் பிரமிட்.


மறுமொழி: ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர், வடமராட்சி

கையில் நிற்றலைக் கற்பிக்கலாம், ஆனால் இறங்கும் வழியை முதலில் கற்பித்துவிட்டு. நான் செய்வித்த முறை இது: சுவருக்கு முதுகு காட்டிக் கைகளை ஊன்றிய பிள்ளை, பாதங்களைச் சுவரில் வைத்துச் சிறிது சிறிதாக மேலே நடக்க வேண்டும். இடுப்பு உயரம் வரை முதலில் போதும். கை தளர்வதாக உணர்ந்தால் அதே வழியில் நடந்து கீழே வர வேண்டும். அது கைவந்த பின்னர், ஒரு கையை நகர்த்தி உடலைத் திருப்பிப் பக்கவாட்டில் கால் ஊன்றி இறங்கப் பழக்குங்கள். சமநிலை தவறி முதுகுப் பக்கம் சாயும் பிள்ளைக்கு அதுதான் தப்பும் வழி. கால்களை உதைத்து எழும்பி நிற்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம், அவசரமில்லை. பக்கக்கரணம் இதை விட எளிது. சிறிய உயரத்தில் கால்களை மாற்றிப் போடுவதிலிருந்து தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்துவிடும். தலையை ஊன்றி நிற்பதை வகுப்பில் தொடவே வேண்டாம். கழுத்தில் பாரம் நிற்பதைத் தவிர அதில் பிள்ளை கற்பதற்கு அதிகம் இல்லை.

பாய்ந்து உருளுதலைத் தடைசெய்யுங்கள், தாண்டப்படுவது நண்பனாயினும் கயிறாயினும். சோவியத் ஒன்றியத்தின் ஜிம்னாஸ்டிக் வீராங்கனை எலீனா மூகினா 1978 இல் உலக வல்லவரானவர். 1980 ஜூலையில், மொஸ்கோ ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில், காற்றில் சுழன்று உருண்டு முடியும் ஒரு கரணத்தைப் பயிற்சியில் செய்தபோது சுழற்சி போதாமல் நாடி தரையில் மோதிக் கழுத்து முறிந்தது. கால் எலும்பு முறிந்து முழுவதும் ஆறாத நிலையில் அவரைப் பயிற்சிக்கு இறக்கியிருந்தார்கள். 2006 இல் இறக்கும்வரை அவர் எழுந்து நடக்கவில்லை. அவ்வகைக் கரணத்தைப் பின்னர் பெண்களுக்கான போட்டிகளில் தடைசெய்தார்கள். உலக வல்லவருக்கு நேர்ந்ததை மைதானத்து ஆண்பிள்ளைகளுக்கு அப்படியே சொல்லுங்கள், பயமுறுத்துவதாகாது. சொல்லிவிட்டு, அவர்களுடைய வேகத்துக்கு வேறு வேலையும் கொடுங்கள்: வாங்கிலிருந்து அரைவட்டம் திரும்பி இறங்கி, அசையாமல் நின்று, அங்கிருந்து உருளுதல். பார்ப்பதற்கும் அது நன்றாகவே இருக்கும்.

பிரமிட் விடயத்தில் அதிபரிடம் மறுத்துப் பேசவேண்டி வரும். எங்கள் காலத்து விளையாட்டுப் போட்டிகளில் பிரமிட்டின் உச்சியில் கொடியோடு ஒரு சின்னப் பிள்ளை நிற்காவிட்டால் கூட்டம் கலைந்து போகாது. அந்த ஆசை எனக்கும் விளங்கும். ஆனால் அடுக்கு உயர உயர, அடியில் முழந்தாளிட்டிருக்கும் பிள்ளையின் முதுகில் ஏறும் பாரம் அந்தப் பிள்ளையின் சொந்த எடையையும் மிஞ்சிவிடும். ஒருவர் தளர்ந்தால் எல்லோரும் அவர் மேலேயே சரிவார்கள். ஜப்பானியப் பாடசாலைகளில் இது பெரும் மரபாக இருந்தது. 2015 இல் ஒசாகா மாகாணத்துப் பாடசாலையொன்றில் பத்து அடுக்குப் பிரமிட் சரிந்து மாணவர்கள் காயமடைந்தார்கள். அடுத்த ஆண்டு ஒசாகா நகரக் கல்விச் சபை தன் பாடசாலைகளில் பிரமிட்டையே நிறுத்திவிட்டது. அதிபருக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

முற்றாக இல்லையென்று சொல்ல முடியாத நிலை வந்தால், இரண்டு அடுக்குக்கு மேல் போக வேண்டாம். முழந்தாளிட்டு இருப்பவரின் இடுப்புக்கு மேலும் தோளுக்கு மேலும் மட்டுமே பாரம் வைக்க வேண்டும், முதுகின் நடுவில் முழங்கால் படக் கூடாது. ஏறுபவர் வெறுங்காலுடன் பக்கத்திலிருந்து ஏற வேண்டும்; இறங்குவதும் ஏறிய ஒழுங்கின் எதிர்த்திசையில், ஒருவர் ஒருவராக. விசில் ஊதியவுடன் எல்லோரும் ஒருமித்துச் சரிந்து படுப்பதைப் பார்வையாளர்கள் கைதட்டி ரசிப்பார்கள். அதை ஒருபோதும் செய்விக்காதீர்கள். மைதானத்தின் காய்ந்த தரையிலும் மெத்தை விரித்தே செய்ய வேண்டும்.

புள்ளியிடலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அங்கேதான் பல ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தள்ளிவிடுகின்றார்கள். பின்னுருளலுக்கு இத்தனை புள்ளி என்று வைத்தால், அதற்குத் தயாராகாத பிள்ளையும் புள்ளிக்காகச் செய்து பார்க்கும். பிள்ளை தன் படியில், லேஞ்சி விழாமல், சத்தமின்றி இறங்கி, மூன்று எண்ணும்வரை நின்றால் முழுப் புள்ளி கொடுங்கள். சரிவு மெத்தையில் உருண்டவருக்கும் சமதரையில் உருண்டவருக்கும் ஒரே அளவுகோல் இருக்கட்டும். எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கின்றது என்பதைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதிவாருங்கள். வலயக் கல்விப் பணிமனையிலிருந்து யாராவது வந்து கேட்டாலும், பிரதி அதிபர் சொன்னதுபோல் ஒருநாள் பதில் சொல்ல வேண்டி வந்தாலும், அந்தக் கொப்பியை எடுத்துக் காட்டலாம்.